பரவையிலே பந்தி பேதம்!

பரவை என்றால் கடல். புலவர்கள் வழங்கிய சொல் அது. ஆனால், மதுரைக்கு வடமேற்கே, சமயநல்லூர் செல்லும் சாலையிலே இருக்கிற எங்கள் பரவையிலே அலை கிடையாது, கலம் கிடையாது, கரையிலே சிப்பி பொறுக்கும் சிறுவரும் கிடையாது. வையையிலே தண்ணீர் வந்தால் அதையே கடல் வந்ததாக எண்ணிக் களிக்கிற கூட்டம் நாங்கள்! இந்த ஊரிலே இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டியிருக்கிறது, தோழர்களே. கப்பலிலே போடப்படுகிற பந்தி எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம்வரை வந்து சேர்ந்துவிட்டது.

விடியற்காலையிலே எங்கள் காய்கறிச் சந்தைக்கு வந்து பாருங்கள். கத்தரியும் கருணையும், வெண்டையும் வெங்காயமும், முருங்கையும் முள்ளங்கியும் மூட்டை மூட்டையாக லாரிகளிலிருந்து இறங்கும். எந்தக் காய் எந்த இலைக்குப் போகப் போகிறது என்பது காய்க்குத் தெரியாது. அதைச் சுமக்கிற முதுகுக்கும் தெரியாது. சந்தைக்குப் பக்கத்திலே தேநீர்க் கடை. அதன் பெஞ்சியிலே கமிஷன் கடைக்காரரும் உட்காருகிறார், மூட்டை தூக்கி வியர்த்து வந்த தோழரும் உட்காருகிறார். இஃது ஏதோ தானாக வந்த ஏற்பாடு என்று எண்ணிவிடாதீர்கள்! மதுரை வட்டாரத்துச் சிற்றூர்க் கடைகளிலே தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று தனிக் குவளை வைத்திருந்தது பழங்கதையல்ல. நம் கண் கண்ட கொடுமை. அந்தப் பெஞ்சியிலே ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காருவதற்கு எத்தனையோ பேர் அடிபட்டிருக்கிறார்கள், வசவு கேட்டிருக்கிறார்கள், சிறை சென்றிருக்கிறார்கள்.

அதே பெஞ்சியிலேதான் அந்தப் பிள்ளையும் உட்கார்ந்திருந்தான். எங்கள் ஊர்க்காரன்; உணவக மேலாண்மை படித்துவிட்டு, வெளிநாட்டு உல்லாசக் கப்பலொன்றிலே பரிமாறும் பணி பார்க்கிறவன்; ஒப்பந்தம் முடிந்து விடுமுறையிலே வந்திருந்தான். எட்டு மாதம் தொடர்ந்து வேலை. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்ற பேச்சே கிடையாது. கப்பலின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே வந்தவன், நடுவே, "நான் பரிமாறுகிற கூடத்துக்கு எல்லோரும் வந்துவிட முடியாது, அண்ணே" என்றான்.

"விலை அதிகமோ?" என்று கேட்டேன்.

"விலையே கிடையாது, அண்ணே. காசு கொடுத்தாலும் உள்ளே விடமாட்டார்கள். மேல்தட்டுச் சூட் அறையின் சாவி கையில் இருக்கவேண்டும். அல்லது பல வருடமாக வந்து வந்து பட்டம் வாங்கியவராக இருக்கவேண்டும்."

காசு கொடுத்தாலும் விடமாட்டார்கள்! இந்தச் சொல்லை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று நெஞ்சிலே ஒரு குத்து. கோயில் வாயிலிலே கேட்டோம். அக்கிரகாரத்துத் தெருமுனையிலே கேட்டோம். 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய ஓட்டலின் உட்கூடத்திலே கேட்டோம். இப்போது கடலின் நடுவிலே கேட்கிறோம்!

ஆராய்ந்து பார்த்தேன். பிள்ளை சொன்னது மிகையல்ல. அமெரிக்காவின் ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனம் உலகப் புகழ் பெற்றது. 2024 ஜனவரியிலே அது மிதக்கவிட்ட 'ஐகான் ஆப் தி சீஸ்' என்ற கப்பலில் 7,600 பயணிகள்வரை ஏறலாம். அவர்களுக்கு ஊழியம் செய்ய 2,350 பேர். எங்கள் பரவை போன்ற சிற்றூரைத் தூக்கித் தண்ணீரிலே மிதக்கவிட்டது போன்ற ஏற்பாடு. அந்நிறுவனத்தின் பெருங்கப்பல்களிலே 'கோஸ்டல் கிச்சன்' என்றொரு உணவுக்கூடம் உண்டு. மற்றச் சிறப்பு உணவகங்களிலே கூடுதல் பணம் கட்டினால் எவரும் உண்ணலாம். இங்கே அது செல்லாது. பெரிய சூட் அறைகளிலே தங்குவோர் உண்டு. அவர்களை விட்டால், நிறுவனத்தின் நீண்டநாள் வாடிக்கையாளருள் உச்சிப் படியிலே நிற்பவர் உண்டு. மற்றவர் வாசலைப் பார்த்துக்கொண்டே கடந்து போகவேண்டியதுதான்.

அந்த உச்சிப் படி எது தெரியுமா? கேளுங்கள், இதுதான் சுவையான இடம். வாடிக்கையாளரை அந்நிறுவனம் ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. தங்கம், பிளாட்டினம், மரகதம், வைரம், வைரத்துக்கு மேல் வைரம், அதற்கும் மேலே சிகரம்! மனு பாவம், நான்கு வருணத்தோடு நிறுத்திக்கொண்டார். இவர்கள் ஆறு கண்டுபிடித்திருக்கிறார்கள். கப்பலிலே கழித்த ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. 3 புள்ளி சேர்ந்தால் தங்கம். 30 என்றால் பிளாட்டினம். 55 மரகதம், 80 வைரம், 175 வைரத்துக்கு மேல் வைரம். சிகரத்தைத் தொட 700 புள்ளி வேண்டும். எழுநூறு இரவுகள்! ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் காலம் வேலை வெட்டி இன்றிக் கடல்மேல் கிடந்தவனுக்கே சிகரப் பட்டம். அதிலும் ஒரு நுட்பம் பாருங்கள்: சூட் அறையிலே படுத்தவனுக்கு ஓர் இரவுக்கு இரண்டு புள்ளி. சாளரமில்லாத உள்ளறையிலே படுத்தவன் எழுநூறு இரவிலே ஏறுகிற ஏணியைச் சீமான் முந்நூற்றைம்பது இரவிலே ஏறிவிடுகிறான். தூக்கத்துக்குக் கூட இருவேறு எடை!

இவர்கள் மட்டுமல்ல. ஆங்கிலேயரின் குனார்டு நிறுவனம் நடத்தும் 'குயின் மேரி 2' கப்பலிலே, நீங்கள் வாங்கிய அறை எதுவோ அதுவே உங்கள் சாப்பாட்டு மேசையையும் முடிவு செய்கிறது. சாதாரண அறையினருக்குப் பிரிட்டானியா கூடம். அதற்கு மேலோர்க்கு 'இளவரசி' பெயரிலே ஒரு கூடம். எல்லோர்க்கும் மேலோர்க்கு 'அரசி' பெயரிலே இன்னொரு கூடம். அரசு போயிற்று, ஆணவம் போகவில்லை!

இதற்கு விடை தயாராக வைத்திருக்கிறார்கள் நம்மூர் அறிவாளிகள். "என்னய்யா இது, பித்தலாட்டம்! சாதியால் பிரிப்பதும் பணத்தால் பிரிப்பதும் ஒன்றா? அதிகம் கொடுத்தவன் நல்லதைத் தின்கிறான். ரயிலிலே முதல் வகுப்பு இல்லையா? சினிமாக் கொட்டகையிலே பால்கனி இல்லையா? நீங்கள் கப்பலிலே ஏறப் போகிறீர்களா? பிறகு ஏன் வயிற்றெரிச்சல்?" என்கிறார்கள்.

ஒன்றல்ல. ஒத்துக்கொள்கிறேன். பணச் சுவரை ஏறிக் குதித்தவர் உண்டு; சாதிச் சுவரை எத்தனை கோடி கொட்டினாலும் ஏற முடியாது. அம்பேத்கர் படிக்காத படிப்பா? அவருக்கே பரோடாவிலே தங்க ஓர் இடம் கிடைக்கவில்லையே! ஆகவே இரண்டையும் ஒரே தராசிலே ஒரே எடையாக வைக்கிறவன் தாழ்த்தப்பட்ட மக்கள் பட்ட பாட்டை அறியாதவன். அந்த ஏமாளித்தனத்தை நான் செய்யமாட்டேன்.

ஆனால் அறிவாளி நண்பர் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டார். அதிகம் கொடுத்தவன் நல்லதைத் தின்கிறான் என்பது ஓட்டல் நீதி. நெய் ரோஸ்ட்டுக்கு விலை அதிகம். கையிலே காசிருந்த அன்று கைவண்டி இழுக்கிறவரும் வாங்கித் தின்னலாம். பக்கத்து மேசை மிராசுதார் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அங்கே விற்கப்படுவது பண்டம். இந்தக் கூடத்திலே விற்கப்படுவது பண்டமா? பண்டம் என்றால் விலை சொல்லவேண்டும், கொடுப்பவனுக்குத் தரவேண்டும். இங்கே கேட்டாலும் தரமாட்டான். ஏன்? உள்ளே இருப்பவன் வாங்கியிருப்பது உணவையன்று, நீ உள்ளே இல்லை என்ற நிம்மதியை! உன்னை வெளியே நிறுத்துவதுதான் அங்கே பரிமாறப்படுகிற முதல் பதார்த்தம். மற்றவை பிறகு.

அந்தப் பதார்த்தத்தின் ருசி நமக்குப் புதிதன்று. சேரன்மாதேவியிலே சமைத்தார்கள்!

இளைய தோழர்களுக்காகச் சொல்லுகிறேன். திருநெல்வேலிச் சீமையிலே, சேரன்மாதேவியிலே, வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். அவர் தேசபக்தர், வீரர், இலக்கியம் வல்லவர், சிறுகதைக்குத் தமிழிலே வழி வகுத்தோருள் ஒருவர். இதை மறைத்துப் பேசவேண்டிய தேவை நமக்கு இல்லை. தமிழ்நாட்டுக் காங்கிரசு அந்தக் குருகுலத்துக்குப் பதினாயிரம் ரூபாய் தர ஒப்பி, 5,000 ரூபாய் கொடுத்தது. தமிழ் மக்கள் பணம். அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனி இடத்திலே சாப்பாடு. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தவர். போய்த் தகப்பனாரிடம் சொன்னார். 1924, 1925 ஆண்டுகளிலே நாடே கொந்தளித்தது. டாக்டர் வரதராசுலு நாயுடு எழுதினார், பேசினார். பெரியார், காங்கிரசிலே பொறுப்பிலே இருந்துகொண்டே, மீதிப் பணத்தைத் தரமுடியாது என்று நின்றார்.

அப்போது சொல்லப்பட்ட சமாதானம் என்ன? "எண்ணிப் பாருங்கள், இரண்டே இரண்டு பிள்ளைகள். பெற்றோர் விருப்பம். மற்றப் பிள்ளைகளுக்கும் நல்ல சாப்பாடுதானே போடுகிறோம்? ஒருவன் தனியே உண்பதாலே உனக்கு என்ன குறைந்துவிட்டது?" என்றார்கள்.

ஆம், சோறு குறையவில்லை. குழம்பு குறையவில்லை. ஒருவேளை மோர் கூடக் கெட்டியாகவே ஊற்றியிருக்கலாம். குறைந்தது வேறு. கூடத்திலே உட்கார்ந்திருந்த அத்தனை பிள்ளைகளும், அந்த இருவர் எழுந்து உள்ளே போகும்போதெல்லாம், தங்களைப் பற்றி ஒரு செய்தியைக் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்காமலே சொல்லப்பட்ட செய்தி. உள்ளே இருவர் உண்டார்கள். வெளியே இருந்தவர் அனைவரும் இழிவுண்டார்கள்! இருவர்தானே என்ற கணக்கு உள்ளே போனவர்களை எண்ணிய கணக்கு. வெளியே நின்றவர்களை எண்ணிப் பார்த்தாரா எவரேனும்?

இன்றைக்கும் அதே கணக்குத்தான் சொல்லப்படுகிறது. "சில நூறு பேருக்கு ஒரு சிறு கூடம், மற்ற ஆயிரக்கணக்கானவர்க்கு அரண்மனை போன்ற பெருங்கூடம். அவர்களுக்கு என்ன குறை?" என்று. பதிலும் அதேதான்.

அன்று நம்மவர் ஓய்ந்துவிடவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலே 'பிராமணாள்' என்றும் 'இதராள்' என்றும் எழுதி வைத்திருந்தானே, அரசாங்கச் சலுகையிலே நடந்த சாலையிலே, நம் டிக்கெட்டுப் பணத்திலே ஓடிய ரயிலடியிலே! 'இதராள்' என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நமக்கு ஒரு பெயர் கூட வைக்கவில்லை. 'மற்றதுகள்' என்று ஒதுக்கித் தள்ளினான். கிளர்ச்சி நடந்தது. 1941 இலே அந்தப் பிரிவினை ஒழிந்தது. 1957 இலே சென்னைத் திருவல்லிக்கேணியிலே முரளி கபே என்ற ஓட்டலின் முன்னே, 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கச் சொல்லி நாள்தோறும் மறியல், நாள்தோறும் கைது, மாதக் கணக்கிலே நடந்தது. இவ்வளவுக்கும் பிறகு, 2012 இலே திருவரங்கத்திலே ஓர் உணவகம் அதே சொல்லைப் பலகையிலே ஏற்றி, மீண்டும் போராடி இறக்க வேண்டியதாயிற்று. பலகை செத்தாலும் அதன் ஆவி அலைகிறது என்பார்கள் வைதிகர்கள். ஆவியிலே நமக்கு நம்பிக்கை இல்லை. ஆசாமிகள் அலைகிறார்கள் என்போம்!

கப்பலுக்கு வருவோம். கடல் தாண்டினால் தீட்டு என்று சாத்திரம் சொல்லிற்று. தாண்டினால் வருகிற வரும்படி பெரிது என்று தெரிந்தபோது சாத்திரம் சற்றே கண்ணை மூடிக்கொண்டது. 1902 இலே ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக இலண்டன் சென்ற ஜெய்ப்பூர் மகாராசா இரண்டாம் மாதோசிங், 'ஒலிம்பியா' என்ற கப்பலை முழுதாக அமர்த்திக்கொண்டார். கங்கை நீரைச் சுமந்து செல்ல, ஆள் உயரத்துக்கு வெள்ளியிலே கொப்பரைகள்! இன்றும் ஜெய்ப்பூர் அரண்மனையிலே காட்சிக்கு நிற்கின்றன. ஒரு மனிதன் மற்றவனோடு ஒரே தண்ணீரைக் குடிக்காதிருக்க எத்தனை வெள்ளி உருக வேண்டியிருந்தது பாருங்கள்! அதே காலத்திலே, ஒட்டிய வயிற்றோடு மலேயாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் ஏறிய நம் தமிழனுக்குக் கப்பலிலே என்ன கிடைத்தது? மேல்தளம். வெயிலும் மழையும் இறங்குகிற மேல்தளம். 1926 முதல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'ரஜூலா' கப்பலுக்கு ஐயாயிரம் தளப் பயணிகளுக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. அறையிலே வந்த சிலருக்கு மேசையும் விரிப்பும். பாயை விரித்து மூட்டையைத் தலைக்கு வைத்த ஆயிரவருக்குத் தட்டும் வரிசையும். அந்தத் தட்டிலே உண்டவன்தான் பினாங்கிலே பால்மரம் வெட்டினான், துறைமுகம் கட்டினான். பட்டம் தரவில்லை யாரும் அவனுக்கு. எத்தனை இரவு கடலிலே கழித்தான் என்று புள்ளி போட்டுப் பார்க்கவும் இல்லை!

டைட்டானிக் கப்பலை எல்லோரும் அறிவீர்கள். 1912 ஏப்ரலிலே பனிமலையில் மோதி முழுகிற்று. முதல் வகுப்பிலே வந்தவருள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பிலே வந்தவருள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் அளவிலேதான் பிழைத்தனர். இது பலருக்கும் தெரிந்த கணக்கு. தெரியாத கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கப்பலிலே முதல் வகுப்பாருக்கென்று இருந்த பெருங்கூடம் போதாதென்று, அவர்களுக்குள்ளும் சிறப்பானோர்க்கு ஒரு தனி உணவகம் வைத்திருந்தார்கள். பொதுக் கூடத்திலே உண்பதை இழிவாக எண்ணிய கோடீசுவரர்கள் அங்கே தனிப்பணம் கொடுத்து உண்டார்கள். அங்கே சமைத்தவரும் பரிமாறியவரும் பெரும்பாலும் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும். ஏறத்தாழ எழுபது பேர். அவர்கள் கப்பல் ஊழியர் கணக்கிலேயும் முழுதாக இல்லை, பயணிகள் கணக்கிலேயும் இல்லை. கப்பல் மூழ்கிய இரவிலே அவர்களை மேலே படகுத் தளத்துக்கு விடாமல் தடுத்தார்கள் என்று, பிழைத்த ஒருவர் விசாரணையிலே சொன்னார். எழுபதில் பிழைத்தவர் எத்தனை பேர்? மூன்று பேர். கணக்கெழுதிய பெண்கள் இருவர், எழுத்தர் ஒருவர். சமையற்காரர் எல்லோரும் செத்தார்கள். பரிமாறியவர் எல்லோரும் செத்தார்கள். உண்டவர்களிலே பலர் படகிலே இருந்தார்கள்!

தனிப்பந்தி உண்பவனை மட்டும் பிரிப்பதில்லை, தம்பி. பரிமாறுகிறவனையும் பிரிக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளையைக் கேட்டேன், நீ எங்கே சாப்பிடுகிறாய் என்று. சிரித்தான். பயணிகளுக்குத் தெரியாத கீழ்த்தளத்திலே பணியாளருக்கும் மூன்று கூடங்களாம்: அதிகாரிகளுக்கு ஒன்று, நடுத்தர அலுவலருக்கு ஒன்று, இவனைப் போன்றோர்க்கு ஒன்று. மேலே ஆறு படி, கீழே மூன்று படி. பெரும்பாலான உல்லாசக் கப்பல்களிலே இதுவே வழக்கம். "அதிகாரிகள் கூடத்திலே நீ போய் உட்கார்ந்தால்?" என்றேன். "நான் ஏன் அண்ணே போகப் போகிறேன்?" என்றான். அந்த விடைதான் என்னை உறங்கவிடவில்லை. தடுப்பவன் தேவையில்லை என்ற நிலைக்கு அவன் வந்துவிட்டான்.

நம் துறைமுகத்துக்கும் இந்தப் பண்பாடு வந்துவிட்டது. 2022 ஜூன் 4 ஆம் நாள், சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பலின் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அந்தக் கப்பல், முன்பு ராயல் கரீபியன் நிறுவனத்தாருக்காக 1990 இலே ஓடத் தொடங்கிய கப்பல்தான். உள்ளறை, கடல் நோக்கும் அறை, சூட், எல்லாவற்றுக்கும் மேலே 'சேர்மன்' சூட் என்று படிப்படியாக அறைகள். சுற்றுலா வளரட்டும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். வேண்டாமென்று சொல்லுகிற அளவுக்கு மூடனல்லன் நான். 1931 டிசம்பரிலே அதே துறைமுகத்திலேயிருந்துதான் பெரியார் கப்பலேறி ஐரோப்பாவும் ரஷ்யாவும் கண்டு வந்தார். போனவர் கொண்டுவந்த சரக்கு சமதர்மம். இப்போது கப்பல் கொண்டுவருகிற சரக்கு எது என்று கேட்டுவைப்பது நம் கடமை.

ஏன் கடமை என்கிறேன்? பந்தி ஒன்றாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் இந்த நாட்டிலே இன்னும் வேர் பிடிக்கவில்லை. ஆகஸ்டு 15 வந்தால் கோயில்களிலே அரசாங்கம் பொது விருந்து வைக்கிறது. அமைச்சரும் ஆட்சியரும் இலையிலே உட்காருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், படம் பத்திரிகையிலே வருகிறது. ஆகஸ்டு 16? 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, எங்கள் மதுரை நெல்பேட்டையிலே ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியிலே காலைச் சிற்றுண்டித் திட்டம் பிறந்தது. முதலமைச்சர் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்டார். நீதிக்கட்சிக் காலத்திலே 1920 இலே ஆயிரம் விளக்குப் பள்ளியிலே தியாகராயர் ஏற்றிய விளக்கு, காமராசர் கையிலே வளர்ந்து, மதுரைக்கு வந்து நின்றது. மகிழ்ந்தோம். மறு ஆண்டே, 2023 இலே, எட்டயபுரத்துக்கு அருகே உசிலம்பட்டி என்ற சிற்றூரிலே, சமைத்தவர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அம்மையார் என்பதற்காகப் பிள்ளைகளை உண்ணவிடாமல் நிறுத்தினார்கள். கனிமொழி நேரிலே சென்று பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ண வேண்டியிருந்தது. நூறு ஆண்டு உழைத்தும், ஒரு கரண்டி உப்புமாவுக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது!

இப்படிப்பட்ட மண்ணிலே தனிக்கூடம் என்பதை நாகரிகம் என்று இறக்குமதி செய்தால், யார் கைக்குப் போகும் அது? பழைய சுவருக்குப் புதிய சுண்ணாம்பு கிடைத்ததே என்று பூரிப்பவன் கைக்குப் போகும். "நான் சாதி பார்ப்பதில்லை சார், வசதி பார்க்கிறேன்" என்று அவன் பேசத் தொடங்குவான். வசதி எந்தத் தெருவிலே குடியிருக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

கப்பலுக்காரனை இவ்வளவு பேசியாயிற்று. இனி நம் வீட்டுக் கதை. இதைச் சொல்லாமல் மறைத்தால் மேலே எழுதியதெல்லாம் வெறும் வாய்ப்பந்தல்.

எங்கள் வட்டாரக் கல்யாண மண்டபங்களிலே இப்போது 'வி.ஐ.பி. பந்தி' என்று ஒன்று வந்திருக்கிறது. பெருங்கூடத்திலே ஊரார், பக்கத்திலே கண்ணாடிக் கதவு போட்ட குளிர்கூடம், அதிலே மேசைக்கு விரிப்பு, நாற்காலிக்கு உறை, வாசலிலே, யாரை விடலாம் யாரை விடக்கூடாதென்று முகம் பார்த்து நிற்க ஓர் உறவுக்காரர். மாமியார் வீட்டுக்காரரும் மந்திரத்துக் கல்யாணக்காரரும் இதைச் செய்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். நம்மவர் செய்கிறார்கள், தோழர்களே! ஐயரை விலக்கினோம், தாலியை விலக்கினோம், நல்ல நேரம் பார்ப்பதை விலக்கினோம். சுயமரியாதைத் திருமணத்திலே தலைமை தாங்கினவர் அரைமணி நேரம் சமத்துவம் பேசிவிட்டு இறங்கினார். இறங்கினவரைக் கைலாகு கொடுத்துக் கண்ணாடிக் கதவுக்குள்ளே கூட்டிப் போனார்கள். மாநாட்டுப் பந்தலின் பின்புறத்திலே என்ன நடக்கிறதென்று எழுதவேண்டாம், போனவர்களுக்குத் தெரியும். அங்கே தொண்டனுக்குப் பொட்டலம். தலைவருக்குத் தட்டி மறைத்த கூடம். 'விசுவாசத்துக்குப் பரிசு' என்கிறான் கப்பலுக்காரன். நாமும் அந்தச் சொல்லைத்தான் வேறு எழுத்திலே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நான் என்ன செய்தேன்? சென்ற தை மாதத்திலே நடந்த அப்படிப்பட்ட திருமணம் ஒன்றிலே வாழ்த்திப் பேசினேன். பேச்சு முடிந்ததும் என் கையைப் பிடித்து, "நீங்கள் இப்படி வாருங்கள்" என்றார்கள். போனேன். குளிர்ந்தது, உட்கார்ந்தேன், உண்டேன். சுவையாகத்தான் இருந்தது. வெளியே வந்தபோது பொதுப் பந்தி முடிந்து எழுந்துகொண்டிருந்தார் எங்கள் பகுதியின் மூத்த தொண்டர். வயது எண்பத்தெட்டு. 1957 இலே திருவல்லிக்கேணிக்குப் போய், அந்த ஓட்டல் முன்னே மறியலிலே கைதானவர். சந்தையிலே சுமை தூக்குகிற தோழர் ஒருவர் அவருடைய கையைத் தாங்கி எழுப்பிக்கொண்டிருந்தார்.

"உள்ளே என்ன போட்டார்கள், தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

"இதே சாப்பாடுதான் ஐயா."

"இதேவா?"

"ஆமாம் ஐயா. ஓர் இனிப்பு மட்டும் கூடுதல்."

அவர் என்னை ஒரு நாழிகை பார்த்தார். பிறகு, "அந்த இனிப்பை இங்கே கேட்டிருந்தால் நானே வாங்கித் தந்திருப்பேனே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

வருகிற ஆவணியிலே என் மகளுக்குத் திருமணம். அதே மண்டபம். குளிர்கூடத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை, எடுத்தாலும் விட்டாலும் பணம் ஒன்றுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். சரி என்று ஒப்புக்கொண்டேன். கதவிலே எந்தப் பலகையும் மாட்டக்கூடாது, வாசலிலே எவரும் நிற்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கைக்குழந்தைக்காரிகளும், வெப்பம் தாங்காத முதியவரும் அங்கே அமர்ந்து உண்ணட்டும். தலைமை தாங்க வருகிறவருக்கும் எனக்கும் வெளியே, வரிசையிலே எங்கே இடம் இருக்கிறதோ அங்கே இலை. சம்பந்தி வீட்டார் இன்னும் முகம் சுளித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "உங்களுக்கு உள்ளேதான் ஐயா இடம், வயதானவர்களுக்கு என்று வைத்திருக்கிறேன்" என்றேன்.

"நான் வெளியேதான் உட்காருவேன்" என்றார்.